ட்ரெஸ்டனில் அம்மாவும் நானும் பார்த்த கோயில்கள்

ஜெர்மனியில், லைப்சிக்கில் வேலை பார்க்கிறேன். போன அக்டோபரில் அம்மா வந்தபோது ட்ரெஸ்டனுக்குக் கூட்டிப்போவது என்று முன்பே தீர்மானித்திருந்தேன். நாங்கள் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பம். எங்கள் ஊர்ப்பக்கம் மிஷனரிகளை அனுப்பிய லைப்சிக் மிஷன், 1836-இல் தொடங்கியது ட்ரெஸ்டனில்தான். பிறகுதான் லைப்சிக்குக்கு மாறியது. இதைச் சொன்னதிலிருந்து அம்மாவுக்கு ரயில் ஊர்ந்து போவதாகவே பட்டது.

நேரே ஃப்ராவன்கிர்ஹே என்ற தேவாலயத்துக்குப் போனோம். வெளிறிய மஞ்சள் சுவரில் அங்கங்கே கன்னங்கரேலென்று கற்கள்.

"ஏண்டி, குண்டு போட்டப்ப கருகினதா இதெல்லாம்?"

முதல் தடவை பார்த்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்தப் பக்கத்து மணற்கல்லில் இரும்புச் சத்து உண்டு. மழையும் காற்றும் பட்டுப்பட்டு வருஷக்கணக்கில் தானாகவே கறுத்துப்போகும். கறுப்பெல்லாம் இடிபாட்டிலிருந்து எடுத்து மறுபடி வைத்த பழைய கற்கள், வெளிறியவை புதியவை. புதியவையும் மெல்ல மெல்லக் கறுக்கும்.

இரண்டாம் உலகப் போரில், 1945 பிப்ரவரி 13 இரவு குண்டு விழுந்தது. கோயில் அன்றே விழவில்லை. உள்ளே மரமெல்லாம் எரிந்து, தூண்கள் சூட்டில் வெடித்து, 15-ஆம் தேதி காலையில்தான் குவிமாடம் சரிந்தது. அதற்கப்புறம் நாற்பது வருஷத்துக்கும் மேலாக ஊர் நடுவில் கற்குவியலாகவே கிடந்தது. 1993-இல் அதைக் கல் கல்லாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றையும் அளந்து, எண் போட்டு, எங்கே கிடந்தது என்று குறித்துவைத்தார்கள். விழுந்து கிடந்த இடத்தை வைத்தே அது முன்பு சுவரில் எங்கே இருந்திருக்கும் என்று கணித்தார்கள். பீடத்தை மட்டும் சுமார் 2,000 துண்டுகளிலிருந்து சேர்த்திருக்கிறார்கள். 2005 அக்டோபர் 30-இல் பிரதிஷ்டை நடந்தது.

உச்சியிலிருந்த பழைய சிலுவை இடிபாட்டுக்கடியில் கிடைத்ததாம். நெளிந்து முறுக்கிக்கொண்டு இப்போது கோயிலுக்குள் நிற்கிறது. மேலே இருக்கும் புதுச் சிலுவையைச் செய்தவர் ஆலன் ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பொற்கொல்லர். அவருடைய அப்பா ட்ரெஸ்டன்மேல் குண்டு போட்ட விமானிகளில் ஒருவர். இதைக் கேட்டதும் அம்மா பதில் பேசவில்லை. பழைய சிலுவைக்கு முன்னால் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவைத்தார்.

சோஃபியன்கிர்ஹே இருந்த இடத்தையும் பார்த்தோம். இசையமைப்பாளர் செபாஸ்டியன் பாக் ஆர்கன் வாசித்த, அவர் மகன் ஆர்கனிஸ்டாக இருந்த கோயில். எரிந்தும் சுவர்கள் நின்றன. ஊர்க்காரர்கள் எவ்வளவோ தடுத்தும் கிழக்கு ஜெர்மனி அரசு 1960-களின் தொடக்கத்தில் இடித்துத் தள்ளியது. இப்போது கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் நினைவிடம் மட்டும்தான். "நின்னுக்கிட்டிருந்ததையா இடிச்சாங்க?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டார். எனக்கும் அதுதான் ஆறவில்லை. குண்டு தவறவிட்டதை மனுஷன் உட்கார்ந்து யோசித்து இடித்திருக்கிறான்.

ட்ரெஸ்டனுக்குப் போகிறவர்களில் பலர் ஃப்ராவன்கிர்ஹேயோடு திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படித் திரும்பாதீர்கள். பழைய சந்தைத் திடலோரம் க்ராய்ட்ஸ்கிர்ஹே இருக்கிறது, சிலுவைக் கோயில். இதுவும் அதே இரவில் எரிந்தது. 1955-இல் திறந்தபோது உள்ளே பழைய அலங்காரம் எதையும் திருப்பிச் செய்யவில்லை. சாம்பல் நிறத்தில் சொரசொரப்பான காரைப் பூச்சு மட்டும்தான். தற்காலிகத்துக்குப் பூசியது, அப்படியே இருக்கட்டும் என்று பின்னால் விட்டுவிட்டார்கள். முதல் கோயிலில் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தோம். இங்கே குரலே எழும்பவில்லை.

இந்தக் கோயிலின் சிறுவர் பாடகர் குழு எழுநூறு வருஷத்துக்கும் மேல் பழையது. அந்தக் குண்டுவீச்சில் குழுவின் 11 பிள்ளைகள் இறந்துபோனார்கள். குழுவை நடத்திய ருடால்ஃப் மவுவர்ஸ்பெர்கர் அந்த வருஷப் புனித வாரத்தில், பைபிளின் புலம்பல் புத்தகத்தின் வசனங்களை எடுத்து ஒரு பாட்டு அமைத்தார். ஆகஸ்ட் 4 அன்று, எரிந்து கிடந்த இதே கோயிலுக்குள், மிஞ்சிய பிள்ளைகள் அதைப் பாடினார்கள்.

புலம்பல் என்றதும் அம்மா முதல் வசனத்தைத் தமிழில் மெல்ல முணுமுணுக்க ஆரம்பித்தார். லெந்து காலத்தில் எங்கள் கோயிலில் வாசிக்கும் அதே இழுவை. ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு நின்றார். வசனம் முடிந்தும் எடுக்கவில்லை. வெளியே வந்து நான் கையைப் பிடித்தபோது, காரையின் சொரசொரப்பு உள்ளங்கையில் புள்ளி புள்ளியாகப் பதிந்திருந்தது.