தங்கவயல் ஆவணப்படம்: ஐந்து நிமிடத்தில் என்ன பேசுவது?

அல்சூர் பொண்ணு:
கோலார் தங்கச் சுரங்கத்தை 2001-இல் மூடிய பிறகு, பெங்களூருக்கு தினமும் ரயிலில் வேலைக்கு வந்துபோகும் தமிழ்க் குடும்பங்களைப் படமெடுக்கிறேன். கொஞ்சம் எடிட் செய்து வைத்திருக்கிறேன். காசு தீர்ந்துவிட்டது. அடுத்த மாதம் எங்கள் ஏரியாவில் படமெடுக்கும் புதியவர்களுக்காக ஒரு திரையிடல் வைக்கிறார்கள். படம் போட்ட பிறகு ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசலாமாம். என்ன பேசுவது?

நாடகக்காரன்:
தங்கச்சி, சுரங்க வரலாற்றில் ஆரம்பிக்காதே, அதிலேயே நேரம் போய்விடும். தங்கவயல் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குக் கிளம்பும் ரயிலில் விடியற்காலை இருட்டில் சீட்டுக்குத் துண்டு போடுவார்களே, அதைப் போட்டுக் காட்டு. அப்புறம் என்ன வேண்டும் என்று நேராகக் கேள்: கேமராவா, பணமா, ஒலிக்கலவைக்கு ஆளா? 'ஆதரவு தாருங்கள்' என்று முடித்தால் கைதட்டிவிட்டு போண்டா சாப்பிடப் போய்விடுவார்கள். நம் ஆட்களைத் தெரியாதா!

கப்பன் பார்க்:
இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் பெங்களூரில்தான் இருக்கிறது. கலைத் திட்டங்களுக்கு நிதி தருகிறார்கள், விண்ணப்பத்தை இந்திய மொழிகளில் எழுதலாம். தமிழிலேயே எழுதுங்கள். எதற்கு எவ்வளவு செலவு என்ற பட்ஜெட்டை மட்டும் முதலிலேயே போட்டுவிடுங்கள், திரையிடலிலும் அதைத்தான் கேட்பார்கள்.

அல்சூர் பொண்ணு:
துண்டு போடும் காட்சி இருக்கு அண்ணா! ரயில் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை, அதுதான் தலைவலி. சரி, ஒலிக்கலவைக்கு ஆள் என்றே கேட்கிறேன். இங்கே யாராவது இருக்கீங்களா?