புதுப்பிப்பு: கொலம்பியாவுக்கே வந்துவிட்டோம்

"நான் தமிழ், கணவர் கறுப்பின அமெரிக்கர், இரண்டு பிள்ளைகள். எந்த ஊரில் நிம்மதியாக இருக்கலாம்?" என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் சொன்ன, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இருக்கும் கொலம்பியாவுக்கே வந்துவிட்டோம்.

எல்லா இனத்தாரும் கலந்து வாழவேண்டும் என்றே ஜேம்ஸ் ரவுஸ் என்ற கட்டுமானத் தொழிலதிபர் 1967 ஜூனில் தொடங்கிய ஊர் இது. வெவ்வேறு இனத்தார் மணம் செய்துகொள்வதைத் தடுத்த சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அதே மாதம்தான்! நினைத்தாலே சிலிர்க்கிறது.

அக்கம்பக்கத்தார் பார்த்துப் பேசட்டும் என்று பழைய தெருக்களில் தபால் பெட்டிகளை ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நேற்று அங்கே ஒரு பாட்டி மகளின் பின்னலைப் பார்த்து, "யார் பின்னிவிட்டது, இவ்வளவு அழகாக?" என்றார். "அப்பா!" என்றாள். பழைய ஊரில் என்னிடம், "இது உங்கள் குழந்தையா?" என்பார்கள்.

வாடகை கூடுதல்தான். சரி, ஓர் அறை குறைவாக எடுத்துக்கொண்டோம்.