உதவி: 2014 மஹிந்திரா தார் ஜீப், டீசல், மீட்டர்ல 41,000 கி.மீ. 4 வீல் போட்டா முன்சக்கரம் இழுக்கல. வாங்கலாமா?

ஏலக்காட்டான்:
வணக்கம். நமக்கு ஊரு போடி. கேரளா பக்கம் பூப்பாறைக்கு மேல நாலு ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கு. மழை பிடிச்சா கடைசி ரெண்டு கிலோமீட்டருக்கு வாடகை ஜீப்புக்காரங்ககிட்ட கெஞ்சிக்கிட்டு நிக்கணும். அதான் சொந்தமா ஒண்ணு வாங்கிடலாம்னு இறங்கிட்டேன்.

பார்த்த வண்டி மஹிந்திரா தார் சிஆர்டிஇ (டீசல் மாடல்), 2014, கேரளா பதிவு, ஒரே ஓனர். அவரும் தோட்டக்காரர்தான். மீட்டர்ல 41,000. கேக்குறது 5 லட்சத்து 80 ஆயிரம். பெயின்ட் பளபளன்னு இருக்கு, புது சீட் கவர், டயரெல்லாம் கம்பெனி சைஸைவிடப் பெருசு. ஒரே செல்ஃப்ல இன்ஜின் ஸ்டார்ட் ஆச்சு. தார் ரோட்டுல ஓட்டினேன், குறை சொல்ல ஒண்ணுமில்ல.

உறுத்துறது ரெண்டு. ரிவர்ஸ் போட்டு கிளட்ச்சை விடும்போது அடியில 'டங்'னு ஒரு அடி. அப்புறம் ஈரமண் மேட்டுல 4எச் (நாலு சக்கரமும் இழுக்கிற சாதா வேக கியர்) போட்டுப் பார்த்தேன். லிவர் விழுந்துச்சு, மீட்டர்ல லைட்டும் எரிஞ்சுது. ஆனா பின்சக்கரம் மட்டும் சுத்தி மண்ணை வாரி அடிக்குது, முன்சக்கரம் சும்மா நிக்குது. "போட்டு ரொம்ப நாளாச்சு தம்பி, டைட்டா இருக்கும், ரெண்டு நாள் ஓட்டினா சரியாயிரும்"ங்கிறார். அப்படியும் ஆகுமா?

ஸ்பேனர்செட்டு:
ரெண்டு நாள் ஓட்டினா சரியாகுறதுக்கு அது என்ன புதுச்செருப்பா?

தம்பி, லைட்டை நம்பாதீங்க. லிவர் உள்ள போய் விழுந்துச்சுன்னு மட்டும்தான் அந்த லைட் சொல்லும். முன்சக்கரத்துக்கு இழுவை போச்சா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. டிரான்ஸ்ஃபர் கேஸ்ல (இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற பெட்டி) இருந்து முன்னாடி புரொபெல்லர் ஷாஃப்ட் (அடியில சுத்துற நீளத் தண்டு), அங்கிருந்து டிஃபரன்ஷியல் (ரெண்டு சக்கரத்துக்கும் பிரிக்கிற பல்சக்கரப் பெட்டி), அப்புறம் ரெண்டு பக்கமும் ஆக்ஸில். இந்த வரிசையில எங்க அறுந்திருந்தாலும் லைட் ஜம்முனு எரியும்.

வீட்டிலேயே பார்க்கலாம். சமதரையில நிறுத்தி, பின்சக்கரம் ரெண்டுக்கும் முன்னும் பின்னும் கல்லு வச்சு, 4எச் போட்டு இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கில தூக்கி கையால சுத்துங்க. நல்ல வண்டின்னா கொஞ்சம் ஆட்டம் கொடுத்து டக்குனு பிடிச்சுக்கும். ராட்டினம் மாதிரி சுத்துச்சுன்னா எங்கேயோ அறுந்திருக்கு. அடியில என்னன்னு பார்க்கணும்னா ஜாக்கை இறக்கிட்டுத்தான் படுக்கணும். ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில தலையை விட்டவங்க கதை எனக்கு நிறையத் தெரியும்.

'டங்' சத்தம் பெரும்பாலும் புரொபெல்லர் ஷாஃப்ட் கிராஸ்தான், அதாவது ஷாஃப்ட் முனையில இருக்கிற மூட்டு. ஷாஃப்டைக் கையால பிடிச்சு முறுக்கினா ஆட்டம் தெரியும். அது சின்னச் செலவு. கிராஸ் நல்லா இருந்தும் சத்தம் வந்தா டிஃபரன்ஷியல் பல்லைப் பார்க்கணும், அது பெரிய செலவு.

இன்னொண்ணு கேக்கணும். நீங்க போனப்போ பானட்டைத் தொட்டுப் பார்த்தீங்களா? சூடா இருந்துச்சா?

ஏலக்காட்டான்:
தொட்டுப் பார்க்கல அண்ணே. ஆனா நான் வர்றதுக்கு முன்னாடி கழுவி நிறுத்தியிருந்தார், தரை ஈரமா இருந்துச்சு.

ஸ்பேனர்செட்டு:
அப்ப ஸ்டார்ட் பண்ணி சூடேத்தி வச்சிருக்கார்னு வச்சுக்குங்க. டீசல் வண்டியைக் காலையில பனியில, முதல் ஸ்டார்ட்டுல பார்க்கணும். சொல்லாம கொள்ளாம ஏழு மணிக்குப் போய் நில்லுங்க. வெள்ளைப் புகை கொஞ்ச நேரம் வந்து நின்னா மலைக்குளிருக்கு அது சகஜம். நிக்காமப் போனா இன்ஜெக்டரையும் கூலன்ட்டையும் சந்தேகப்படணும். நீலப் புகைன்னா ஆயில் எரியுது. கரும்புகை ஏத்தத்துல மிதிக்கும்போது லேசா வரும், குப்புனு வந்தா டர்போ ஹோஸ், ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர் மூணையும் பாருங்க.

இன்ஜின் ஐடிலிங்ல ஓடும்போது ஆயில் ஊத்துற மூடியைக் கழட்டி அதே வாயில தலைகீழா வச்சுப் பாருங்க. சும்மா நடுங்கினா சரி. துள்ளிக் கீழ விழுந்தா பிஸ்டன் ரிங் தேய்மானம், திரும்பிப் பார்க்காம வந்துருங்க. ஆயில் கருப்பா இருக்கேன்னு பயப்படாதீங்க, டீசல்ல மாத்தின கொஞ்ச நாள்லயே கருத்துரும். பால் கலந்த மாதிரி இருந்தாத்தான் ஆபத்து.

41,000-ங்கிறதை மறந்துருங்க. மீட்டரைத் திருப்பியிருக்கார்னு நான் சொல்லல. தோட்டத்து வண்டி ஒரு கிலோமீட்டர் ஏற முதல் கியர்ல, 4எல்ல (நாலு சக்கரமும் மெதுவா, பலமா இழுக்கிற கியர்) கால்மணி நேரம் உறுமும். மீட்டர்ல அது வெறும் ஒண்ணுதான். கிளட்ச், டிரான்ஸ்ஃபர் கேஸ், ஆக்ஸில் மூட்டுக்கெல்லாம் அது வேற கணக்கு. கிளட்ச் பெடல் ரப்பர் மழமழன்னு ஆகியிருக்கான்னு பாருங்க, அது பொய் சொல்லாது.

மதுரைக்காரன்77:
ப்ரோ, இவ்வளவு தலைவலி எதுக்கு? ரெண்டு வீல் டிரைவ் பொலிரோ வாங்கி நல்ல டயர் போட்டா பாதி மலை ஏறிடும்.

ஏலக்காட்டான்:
மீதிப் பாதியிலதான் ப்ரோ நம்ம தோட்டம் இருக்கு.

ஃபைல்கட்டு:
வண்டியின் அடிப்பாகத்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நான் காகிதத்துக்கு வருகிறேன். அரசின் எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டு ஓனர் பெயர், கடன் பதிவு, இன்சூரன்ஸ், நிலுவை அபராதம் நான்கையும் பாருங்கள். கடன் பதிவு இருந்தால் வங்கிக் கையெழுத்துடன் படிவம் 35 வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கேரள வண்டியைத் தமிழ்நாட்டில் வைத்து ஓட்டுவதானால் அந்த ஆர்டிஓவிடம் படிவம் 28-ல் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, 12 மாதத்துக்குள் இங்கே மறுபதிவு செய்து, இங்கத்திய வரியையும் கட்ட வேண்டும். பேரம் பேசும்போதே இந்த வரியைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், பலர் இதை மறந்துவிட்டுப் பிறகு புலம்புகிறார்கள். பதிவு 2029-ல் முடியும், அதற்குப்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்சி (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்க வேண்டும். சேஸி எண்ணைத் தடவிப் பார்த்து ஆர்சியோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள்.

பெரிய டயர் என்றீர்களே, அது அழகுச் சமாச்சாரம் மட்டுமல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. எஃப்சிக்குப் போகும்போது டயர், முன்பக்க இரும்பு பம்பர் எல்லாம் கேள்விக்கு வரும். பழைய டயர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

குமுளிரோடு:
கேரளா வண்டி, 2014-ங்கிறதால ஒண்ணு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல ஆலுவா, செங்கன்னூர் பக்கம் எத்தனையோ வண்டி முங்குச்சு. அதுல பல வண்டி கழுவித் துடைச்சு மறுபடி ரோட்டுக்கு வந்திருக்கு. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க, முங்கின வண்டின்னா உள்சுத்துல சேத்துக் கோடு நிக்கும். தரை விரிப்பைத் தூக்கி மூலையில துருவைப் பாருங்க. சாஃப்ட் டாப் வண்டியில மழைத்தண்ணி இறங்கியும் துருப்பிடிக்கும், அதனால துரு ஒண்ணை மட்டும் வச்சு முடிவு கட்டாதீங்க. டிஃபரன்ஷியல் ஆயில் பால் டீ கலர்ல இருந்தா தண்ணி போயிருக்கு.

ஏலக்காட்டான்:
அப்டேட். இன்னைக்குக் காலையில ஆறரைக்கே, எங்க ஊர் மெக்கானிக் அண்ணனையும் கூட்டிக்கிட்டுப் போய் நின்னேன். ஓனர் பல் விளக்கிட்டு இருந்தார்.

இன்ஜின் பானட் ஐஸ் மாதிரி. ரெண்டாவது செல்ஃப்ல பிடிச்சுது. வெள்ளைப் புகை அரை நிமிஷம், அப்புறம் சுத்தம். மூடியை வச்சோம், நடுங்குச்சு, விழல. சீட் பெல்ட் சுத்தம். சேஸி நம்பர் சரி. கிளட்ச் ரப்பர் மட்டும் சோப்புக்கட்டி மாதிரி வழவழன்னு தேஞ்சு கிடக்கு.

ஜாக்கில தூக்கிச் சுத்தினா ராட்டினம்தான்! அப்புறம் இறக்கிட்டு டார்ச்சோட அடியில படுத்தா, அண்ணன் ஒரு நிமிஷம் பேசவே இல்ல. அப்புறம் சிரிக்கிறார். முன்னாடி புரொபெல்லர் ஷாஃப்ட்டே இல்ல. டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் ஷாஃப்டைப் பூட்டுற ஃபிளாஞ்ச் தட்டு மொட்டையா நிக்குது, அதுமேல விரல்கனத்துக்கு மண்ணு காஞ்சு ஒட்டியிருக்கு. இது இன்னைக்கு நேத்துக் கழட்டினதில்ல.

ஓனரைக் கேட்டா முதல்ல முழிச்சார். அப்புறம் "சத்தம் வந்துச்சு, கழட்டி வச்சேன், ரோட்டுக்கு அது வேணாம்ல"ங்கிறார்.

ஸ்பேனர்செட்டு:
அடப்பாவி. சரி, கழட்டினது எங்க? அது கையில வராம பணம் கொடுக்காதீங்க. ஏன் கழட்டினார்ங்கிறதுதான் கேள்வி. கிராஸ் போயிருந்தா பரவாயில்ல. முன் டிஃபரன்ஷியல் பல்லு உடைஞ்சு, அந்தச் சத்தத்துக்குப் பயந்து ஷாஃப்டைக் கழட்டியிருந்தா உங்க பணம் போச்சு. முன் டிஃபரன்ஷியல் டிரெயின் போல்ட்டைக் கழட்டி ஆயிலை வெள்ளைத் தட்டுல பிடிங்க. இரும்புத்தூள் மினுக்கினா கொஞ்சம் சகஜம், துண்டு வந்தா கும்பிடு போட்டுட்டு வந்துருங்க.

ஏலக்காட்டான்:
பார்த்தாச்சு அண்ணே. ஆயில் தேன் கலர், தூள் லேசா, துண்டு ஒண்ணும் இல்ல.

ஷாஃப்ட் ஏலக்காய் ஸ்டோர்ல, சாக்குக்கு அடியில கிடந்துச்சு. கிராஸை அசைச்சதும் கப்புக்குள்ள இருந்து ஊசி ரோலர் துருத்தூளோட கொட்டுது. ஒரு கப்புல ஊசியே இல்ல. பின் ஷாஃப்ட் கிராஸும் ஆட்டம், 'டங்' அதுதான்.

மெக்கானிக் அண்ணன் ரெண்டு ஷாஃப்ட் கிராஸ், கிளட்ச் செட், எல்லா கியர் ஆயிலும் சேர்த்து 40 ஆயிரம்னு கணக்குச் சொன்னார். மறுபதிவு வரி தனி. நான் 4 லட்சத்து 90-ல நிக்கிறேன், அவர் 5 லட்சத்து 20-ல நிக்கிறார். ஷாஃப்டைப் பூட்டி 4எல்ல எங்க தோட்டத்து மேட்டை ஏத்திக் காட்டினா மட்டும் அட்வான்ஸ்னு சொல்லிட்டு வந்துட்டேன். பழைய டயர் நாலும் அதே ஸ்டோர்லதான் இருக்கு, அதையும் கேட்டிருக்கேன்.

ஸ்பேனர்செட்டு:
ஏத்துற அன்னிக்கு மேட்டு மண்ணு ஈரமா இருக்கணும். காஞ்ச தார் ரோட்டுல 4 வீல் போட்டுத் திருப்பிக் காட்டச் சொல்லாதீங்க, அந்த டிரான்ஸ்ஃபர் கேஸையும் சேர்த்து நீங்களே உடைச்சு வாங்கின மாதிரி ஆயிரும்.