புதிய நிமோனியா மருந்துச் சோதனை வேலூருக்கு வந்தால் நம் ஆட்களைச் சேரச் சொல்லலாமா?

வேலப்பாடிவாசி:
எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு வருபவர்களுக்குத் துணை நிற்கும் நாங்கள் சிலர் பேசிக்கொண்டிருந்தபோது எழுந்த கேள்வி இது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வரும் நியூமோசிஸ்டிஸ் நிமோனியாவுக்குப் புதிய மருந்தொன்றைச் சோதிக்கும் ஆய்வு நாளை நம் பக்கம் வந்தால், அதில் சேரும்படி நாம் சொல்லலாமா, கூடாதா? சொல்லலாம் என்பது என் கட்சி.

நோய் எதிர்ப்பு அணுக்களான சிடி4-இன் எண்ணிக்கை 200-க்குக் கீழே இறங்கியவரின் நுரையீரலைப் பிடிக்கும் இந்தப் பூஞ்சைக்கு முதல் மருந்து இன்றும் கோட்ரைமாக்சசோல்தான். சல்பா வகை மருந்து சேர்ந்த இதைச் செப்ட்ரான் என்ற பெயரில் சொன்னால் மருந்துக்கடைப் பையனுக்கும் தெரியும். தடுப்புக்கு நாளொன்றுக்கு ஒரு மாத்திரை போதும். நோய் வந்துவிட்டாலோ அதைப் பல மடங்கு அளவில் 21 நாள் கொடுக்க வேண்டும். அதற்குள் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து, காய்ச்சல் ஏறி, வெள்ளையணுக்கள் குறைந்து, மருந்தையே நிறுத்த நேர்பவர்கள் பலர். அவர்களுக்கு மிஞ்சுவன எவை? பென்டமிடின் கணையத்தையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். கிளிண்டாமைசினோடு சேர்த்துத் தரும் பிரைமாகுவின், ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவரின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். மற்றப் பூஞ்சைகளை அடக்கும் ஆம்போடெரிசினும் ஃபுளுகோனசோலும் இதனிடம் செல்லாது; அவை குறிவைக்கும் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் இதன் சவ்வில் கிடையாது. ஆகவே புதிய மருந்து வேண்டும் என்பதில் ஐயமில்லை. 1986-இல் சென்னையில் எடுத்த இரத்த மாதிரிகள் ரயிலில் காட்பாடி வந்து வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் சோதிக்கப்பட்ட பிறகுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதே உறுதியானது. அப்படிப்பட்ட ஊர் இந்தச் சோதனைக்கு மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

பாலாற்றங்கரை:
நண்பர் 1986-ஐ இழுத்தது அவருடைய வாதத்துக்கே பாதகம். காப்பகத்தில் அடைத்து வைக்கப்பட்டிருந்த பெண்களின் இரத்தமும் அந்த மாதிரிகளில் இருந்தது. கேட்டவரிடம் முடியாது என்று மறுக்கும் நிலையிலா அவர்கள் இருந்தார்கள்?

இந்த நோயாளியும் அதே நிலையில்தான் இருக்கிறார். உட்கார்ந்திருக்கும்போது விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவை 95 என்று காட்டும். வார்டு வராந்தாவில் பத்தடி நடக்கவைத்தால் 85-க்கு இறங்கும். இரண்டு சொல் பேசினால் மூன்றாவது சொல்லுக்கு மூச்சு இல்லாதவரிடம் பல பக்க ஒப்புதல் படிவத்தை நீட்டி, படித்துப் புரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள் என்று சொல்வதைச் சம்மதம் என்று நான் ஏற்கமாட்டேன்.

முன்பு நடந்ததையும் பாருங்கள். அப்போது புதிதாக வந்த அட்டோவகுவோன் என்ற மருந்தை இதே செப்ட்ரானோடு ஒப்பிட்டு 1993-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், புதிய மருந்து பெற்றவர்களில் 20 விழுக்காட்டினருக்கு நோய் மட்டுப்படவில்லை. பழைய மருந்தில் இது 7 விழுக்காடு. சிகிச்சை முடிந்த நான்கு வாரங்களுக்குள் அட்டோவகுவோன் பக்கம் 11 பேர் இறந்தார்கள், செப்ட்ரான் பக்கம் ஒருவர். அந்த 11 பேரும் யாரோ ஒருவர் சொல்லித்தானே சேர்ந்திருப்பார்கள்?

வேலப்பாடிவாசி:
பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிட்டீர்கள். பக்கவிளைவு தாங்காமல் மருந்தை மாற்ற வேண்டி வந்தவர்கள் அதே ஆய்வில் செப்ட்ரான் பக்கம் 20 விழுக்காடு, அட்டோவகுவோன் பக்கம் 7 விழுக்காடு. வீரியம் குறைவு, ஆனால் உடம்பு தாங்கும் என்ற உண்மை அந்தச் சோதனையால்தான் நிலைநாட்டப்பட்டது. சல்பா ஒத்துக்கொள்ளாத, நோய் முற்றாத ஒருவருக்கு இன்று மருத்துவர் அதைத் துணிந்து எழுதுவது அதனால்தான். அந்த 11 பேரில் நால்வரின் இறப்புக்குத்தான் இந்த நிமோனியா காரணமாகக் கூறப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சோதிக்காமலே கொடுத்திருந்தால் இதில் எதுவும் தெரிந்திருக்காது.

அரியூர் மருந்தாளுநர்:
இருவரும் தொடாத ஓர் இடம் உண்டு. அந்த ஆய்வில் சேரும்போதே வயிற்றுப்போக்கு இருந்தவர்களின் இரத்தத்தில் அட்டோவகுவோனின் அளவு குறைவாக இருந்தது. சிகிச்சை தோற்றதும் இறப்பும் அதோடு சேர்ந்தே வந்தன. கொழுப்புள்ள உணவோடு உட்கொண்டால்தான் அந்த மருந்து உடம்பில் சேரும். வாய் முழுக்கப் புண்ணோடு, கஞ்சியைத் தவிர வேறெதுவும் இறங்காமல், மாதக்கணக்கில் வயிறு போய்க்கொண்டிருக்கும் நிலையில்தான் நம் பக்கத்து நோயாளி ஆஸ்பத்திரிக்கே வந்து சேருகிறார். ஆகவே எந்தப் புதிய மருந்தானாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, அது வாய்வழியா ஊசிவழியா, வயிற்றுப்போக்கு உள்ளவரை ஆய்வில் சேர்ப்பார்களா, சேர்த்தால் இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்ப்பார்களா என்பதுதான்.

இன்னொன்று. இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 70-க்குக் கீழே போனவருக்கு மூன்று நாளுக்குள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தொடங்க வேண்டும் என்பது 1990 முதல் நிலைத்த மருத்துவம். எந்த மருந்து யாருக்கு என்று குலுக்கலில் விழுந்தாலும், ஸ்டீராய்டு இரு தரப்புக்கும் ஒன்றுபோலக் கிடைத்தாக வேண்டும்.

வேலப்பாடியார் ஒன்றைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. செப்ட்ரானோடு ஒப்பிடும் ஆய்வில் சல்பா ஒத்துக்கொள்ளாதவரைச் சேர்க்கவே மாட்டார்கள். குலுக்கலில் அவருக்கு அந்த மருந்தே விழக்கூடுமே! யாருக்காக அவர் வாதாடுகிறாரோ அவருக்கு அந்த வாசல் மூடியே இருக்கும்.

குடியாத்தத்தாள்:
மருந்தைப் பற்றி ஐயாமார்கள் பேசுங்கள், நான் சாட்சியைப் பற்றிக் கேட்கிறேன். படிக்கத் தெரியாதவர் கைரேகை வைக்கும்போது ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் உடனிருந்து சாட்சிக் கையெழுத்திட வேண்டும். அந்த ஒருவர் எங்கிருந்து வருவார்? பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்தவரைக் கூப்பிடுவார்கள்; அவர் எங்கள் தெருவுக்கே பெண் கொடுத்தவராக இருப்பார். 2017-இன் எச்.ஐ.வி. சட்டம் இரகசியம் காக்கச் சொல்கிறது, சரி. ஊருக்குள் பரவிய பேச்சை எந்தச் சட்டம் திரும்ப வாங்கிக் கொடுக்கும்?

பாலாற்றங்கரை:
அம்மா கேட்டதுதான் கேள்வி. அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எளிதில் வற்புறுத்தலுக்கு ஆளாகக்கூடியவர்களிடம் முற்றிலும் புதிய மருந்துக்கு ஒப்புதல் பெறும்போது ஒலியும் ஒளியுமாகப் பதிவு செய்ய வேண்டும் என்று 2019-இன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள் கூறுகின்றன. எச்.ஐ.வி., தொழுநோய் மருந்துகளுக்கு மட்டும் ஒலிப்பதிவு போதும், முகம் வேண்டாம் என்று விலக்கு உண்டு. ஆனால் நாம் பேசுவது எச்.ஐ.வி. மருந்தா? பூஞ்சைக்கான மருந்தாயிற்றே! விதியை எழுத்துக்கு எழுத்து படித்தால் முகத்தையும் படம்பிடித்தாக வேண்டும் என்று ஒருவர் வாதிடலாம்.

ஆய்வு முடிந்த பின்? அதே விதிகளின்படி மருந்தை இலவசமாகத் தொடர்ந்து பெற, அந்த நோய்க்கு மாற்று மருந்து இல்லாதிருக்க வேண்டும். இங்கோ செப்ட்ரான் இருக்கிறது. நாளை தடுப்பு மாத்திரையை விட்டுவிட்டு அதே நோயோடு திரும்பி வருபவருக்கு, தன் உடம்பில் சோதிக்கப்பட்ட மருந்தைக் கேட்க உரிமை இருக்காது.

வேலப்பாடிவாசி:
மருந்தாளுநர் சொன்னது சரியான குத்து. அதற்கு என் பதில், ஒப்பீட்டு ஆய்வோடு சல்பா தாங்காதவர்களுக்கென்று தனிப் பிரிவையும் கேட்க வேண்டும் என்பதே. குலுக்கல் இல்லாமல் எல்லாருக்கும் புதிய மருந்தே கிடைக்கும் பிரிவு அது. செப்ட்ரானைத் தாங்க முடியாதவர்களுக்கும் அது பலிக்காதவர்களுக்கும் என்றே டிரைமெட்ரெக்சேட் என்ற மருந்துக்கு 1993-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. இது நடவாத காரியமல்ல.

சாட்சியாக யார் வரலாம் என்பதையும், முகம் பதிவாகுமா என்பதையும் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவிடம் ஆய்வு தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்கலாம். அந்தக் குழுவில் பொதுமக்கள் தரப்பில் ஒருவர் இருந்தாக வேண்டும், அவரிடமிருந்தே தொடங்கலாம். மூச்சு வாங்குபவரிடம் சம்மதம் கேட்கக் கூடாது என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். அப்படியானால் மாரடைப்புக்கும் பாம்புக்கடிக்கும் மருந்தே சோதிக்க முடியாது. சிடி4 குறைந்தவர்களிடம் மையத்திலேயே, நோய் வருமுன், இப்படி ஓர் ஆய்வு இருக்கிறது என்று நிதானமாகப் பேசி வைக்கலாமே.

பாலாற்றங்கரை:
நோய் வருமுன் பேசுவது நல்ல யோசனைதான், ஆனால் அப்படிப் பேசப்போகிறவர் ஆய்வுக்காரரிடம் சம்பளம் வாங்குபவராக இருக்கக் கூடாது. புதியது பழையதற்குத் தாழ்ந்ததல்ல என்று நிறுவும் ஆய்வுகளில், எவ்வளவு தாழ்ந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்று ஓர் எல்லையை முன்கூட்டியே வைப்பார்கள். இந்த நோயில் அந்த எல்லை உயிர்க்கணக்கு. அது என்ன என்பதையும், மருந்து பலிக்காவிட்டால் எத்தனையாவது நாளில் செப்ட்ரானுக்கு மாற்றுவார்கள் என்பதையும் ஒப்புதல் படிவத்தின் முதல் பக்கத்திலேயே தமிழில் அச்சிட்டுக் காட்டட்டும். அதுவரை என்னிடம் கேட்பவருக்கு, சேர வேண்டாம் என்றே சொல்வேன்.

குடியாத்தத்தாள்:
முதல் பக்கத்தில் போட்டால் மட்டும் போதாது, அதை எங்களுக்கு வாசித்துக் காட்டும் ஆள் எங்கள் ஊர்க்காரராக இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.