கிரகணத்தன்று காய் நறுக்கினாயா?

2019 டிசம்பர் 26 காலை வளையச் சூரிய கிரகணம் எங்கள் திண்டுக்கல்லில் நன்றாகத் தெரிந்தது. அக்கா அப்போது ஏழு மாதக் கர்ப்பம், வளைகாப்பு முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள்.

முந்தின ராத்திரியே அம்மாச்சி ஊறுகாய் ஜாடி, அரிசிப் பானை, தண்ணீர்க் குடம் என்று ஒன்று விடாமல் தர்ப்பை போட்டுவிட்டார். எட்டு மணிக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும், அப்புறம் கிரகணம் விடும்வரை அடுப்பு எரியாது. முற்றத்தில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினார், கிரகண நேரத்தில்தான் அது நிற்கும் என்பார்கள், நின்றது. அடியில் பூண் தட்டையாக இருக்கும் உலக்கை எந்த நாளிலும் நிற்கும், பொங்கலுக்கு முன்னால் நிறுத்திக் காட்டினேன், அம்மாச்சி ஒன்றும் சொல்லவில்லை.

இதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. வெறுங்கண்ணால் பார்க்காதே என்று அவர் அதட்டியது ரொம்பச் சரி, விழித்திரையே பொசுங்கிவிடும். ஆனால் அக்காவை ஜன்னல் சாத்திய அறையில் படுக்க வைத்து, அரிவாள்மனை, கத்தி, ஊசி எதையும் தொடாதே, உடம்பைச் சொறியாதே, தண்ணீர்கூடக் குடிக்காதே என்றார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு மூன்று மணி நேரம் தண்ணீர் இல்லையா? சொம்பை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், அம்மா தடுக்கவில்லை.

எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் ஒரு பையன் உதட்டுப் பிளவோடு பிறந்தான். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அவன் அம்மாவிடம் கேட்டது ஒன்றேதான், "கிரகணத்தன்னைக்கு காய் நறுக்கினியா?" கிரகணத்தில் கர்ப்பிணி கத்தியைத் தொட்டால் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்று ஒரு நம்பிக்கை. அந்தத் தாய் இல்லை இல்லை என்று சொல்லியே ஓய்ந்துபோனார், மாமியார் கடைசிவரை நம்பவில்லை. கருவில் உதடு கூடுவது நாலாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள், அதாவது பல பெண்களுக்குக் கர்ப்பம் என்று தெரிய வரும் சமயத்திலேயே முடிந்துவிடுகிறது. ஏழாம் மாதத்தில் கத்திரிக்காய் நறுக்கினால் கூடிய உதடு எப்படிப் பிளக்கும்? பரம்பரை, சில மருந்துகள், புகை என்று காரணங்கள் வேறு. முதல் வருஷத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யலாம் என்று டாக்டர் சொன்னார், வீட்டிலோ பரிகாரம், பரிகாரம் என்று கோயில் கோயிலாக அலைந்து நாளைக் கடத்தினார்கள்.

2031 மே 21-ல் மதுரைப் பக்கம் மறுபடி வளையக் கிரகணம் தெரியப்போகிறது. தர்ப்பை போடுகிறவர்கள் போடட்டும். பிள்ளை பெற்றவளிடம் போய் அந்தக் கேள்வியை மட்டும் கேட்காதீர்கள்.