கையை அழித்துச் சைக்கிள் வரைந்த வருடம்

தமிழ்நாட்டுக் காங்கிரஸ்காரர்களோடு பழகியவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

எனக்குப் பாபநாசம் பக்கம். காங்கிரஸ் தலைவர் மூப்பனாரின் ஊரான கபிஸ்தலம் சைக்கிள் மிதிக்கும் தூரம்தான். 1996-ல் எனக்குப் பன்னிரண்டு வயது. பெரியப்பா கிராமக் காங்கிரஸ் தலைவர். தலைவர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை; கொடிக்கம்பத்துக்குப் பெயிண்ட், காமராஜர் பிறந்தநாளுக்குப் பள்ளிக்கூடத்தில் மிட்டாய், தேர்தல் வந்தால் சுவர் பிடிப்பது. அந்த வருடமும் பொங்கல் முடிந்த கையோடு 'காங்கிரஸ் 1996' என்று எழுதிவிட்டார்கள். பாதிச் சுவர்களில் கையும் வரைந்தாயிற்று.

நரசிம்ம ராவ் அ.தி.மு.க.வோடு கூட்டணி என்று முடிவெடுக்க, மார்ச் கடைசியில் மூப்பனார் வெளியேறித் தமிழ் மாநில காங்கிரஸைத் தொடங்கினார். எங்கள் தெருவில் விவாதமே கிடையாது. "ஐயா போயிட்டாரு, அப்ப நாமளும் போயாச்சு" என்றார் பெரியப்பா. அவ்வளவுதான்.

புதுச் சின்னம் சைக்கிள். வேறு சுவர் பிடிக்க நேரமில்லை. இருந்த கைகள் மேலேயே சுண்ணாம்பு அடித்தார்கள். வாளி தூக்கிக்கொண்டு பின்னால் போனது நான். ஒரு பூச்சுக் காய்ந்ததும் கை மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. ஹேண்டில் பாரைப் பிடிக்க வருகிற மாதிரி ஐந்து விரல்! "இன்னொரு தடவை அடிக்கட்டுமா பெரியப்பா?" என்றேன். "வேணாம், இருக்கட்டும்" என்றார். சுண்ணாம்பை மிச்சம் பிடிக்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

த.மா.கா. சட்டமன்றத்தில் 39 இடம், மக்களவையில் 20 இடம் பிடித்தது. தமிழ்நாட்டில் கைக்கு இரண்டிலும் பூஜ்யம்.

2001 தான் வேடிக்கை. அ.தி.மு.க. கூட்டணி வேண்டாம் என்று பிறந்த கட்சி, அதே அ.தி.மு.க. கூட்டணியில் நின்றது. பெரியப்பா நாலு நாள் வயலை விட்டு வரவில்லை. ஐந்தாம் நாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டுக் கேட்கப் போனார். அந்த ஆகஸ்டில் மூப்பனார் காலமானார். மறுவருடம் கட்சி மறுபடி காங்கிரஸோடு சேர்ந்தது. அப்புறம் சைக்கிளுக்குச் சுண்ணாம்பு. 2014-ல் மூப்பனார் மகன் வாசன் திரும்பப் பிரிந்தபோது வீட்டுக்கே வந்து கேட்டார்கள். "இனிமே வாளி தூக்கத் தெம்பு இல்லப்பா" என்றுவிட்டார்.

*

விருதுநகர்க்காரன் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இந்தச் சின்னக் குழப்பம் இன்னும் பழசு. ஆச்சிக்கு ஓட்டு என்றால் இரட்டைக் காளை. 1969-ல் கட்சி உடைந்ததும் காளை போய்விட்டது. 1971-ல் காமராஜர் அணிக்கு ராட்டை நூற்கும் பெண், இந்திரா அணிக்குப் பசுவும் கன்றும். தாத்தா ஒரு வாரம் பாடம் எடுத்து அனுப்பினாராம். ஆச்சி மக்களவைச் சீட்டில் பசுவின் மேல் குத்திவிட்டு வந்து, "நம்ம காளை கன்னு போட்டிருக்கு, சொல்லவே இல்லையே" என்றாளாம். தாத்தா அன்றைக்குச் சாப்பிடவில்லை என்பது குடும்பக் கதை. எவ்வளவு உண்மையோ!

*

என்னுடையது சின்னது. 2019 மக்களவைத் தேர்தலில் கை வேட்பாளருக்குப் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தேன். காலையில் மாதிரி வாக்குப்பதிவு முடிந்து வெளியே எட்டிப் பார்த்தால், ஸ்லிப் மேசையில் ஏழு பேர். ஆறு பேர் கறுப்பு சிவப்புக் கரை வேட்டி. ஒரே ஒரு கதர்ச் சட்டை, எழுபது வயது இருக்கும். டீ, சாப்பாடு, வயதானவர்களை ஆட்டோவில் கூட்டி வருவது எல்லாம் அந்த ஆறு பேர் செலவு. பெரியவர் பேசாமல் ஸ்லிப் எழுதினார்.

சாயங்காலம் பூத்தில் பதிவான ஓட்டுக் கணக்கைக் காட்டும் 17சி படிவம் வாங்கிக்கொண்டு வந்தேன். "நம்ம பூத்துல மொத்தம் எவ்வளவு தம்பி?" என்று கேட்டு, ஒரு பழைய டைரியில் குறித்துக்கொண்டார். மேலே முந்தைய தேர்தல்களின் கணக்கும் இருந்தது. 2014-க்கு நேரே வெறும் 11.

"என்னங்கய்யா இது?"

"காங்கிரஸ் தனியா நின்ன வருஷம். கைக்கு விழுந்தது" என்றார். டைரியை மூடியவர், "அதுலயும் நாலு எங்க வீடு" என்று சேர்த்துக்கொண்டார்.