வெஸ் மான்ட்கோமரி கடைசியில் விலைபோய்விட்டாரா?

தந்திப்பித்தன்:
1965ல் நியூயார்க் ஹாஃப் நோட் கிளப்பில் பியானோ கலைஞர் விண்டன் கெல்லியின் குழுவோடு நெருப்பாக வாசித்த ஜாஸ் கிதார் மனிதர் வெஸ், இரண்டே வருடத்தில் வயலின் கும்பலுக்கு நடுவே உட்கார்ந்து பீட்டில்ஸ் பாப் குழுவின் மெட்டை வாசிக்கிறார். எல்லாம் தயாரிப்பாளர் கிரீட் டெய்லர் பண்ணின வேலை. விற்றது, சரி. கற்பனை எங்கே?

மாடிவீட்டு மணி:
சார், இண்டியானாபோலிஸில் ஏழு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பகலெல்லாம் தொழிற்சாலை, ராத்திரி ஒரு கிளப், அது முடிந்து விடியும்வரை இன்னொரு கிளப் என்று ஓடியவர் அவர். 1959ல் சாக்ஸஃபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி அவர் வாசிப்பைக் கேட்டு அசந்துபோய் ரிவர்சைட் இசைத்தட்டுக் கம்பெனியிடம் சொல்லும்போதே வெஸ்ஸுக்கு வயது 36. அவரை நீங்கள் காசு கணக்கு கேட்கிறீர்களா?

தந்திப்பித்தன்:
காசைப் பற்றி யார் பேசினார்கள்? அவர் வாசிப்பில் ஒரு கட்டுமானம் உண்டு. முதலில் ஒற்றைச் சுரங்கள், அப்புறம் ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்துப் பிடிக்கும் ஆக்டேவ், கடைசியில் பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கும் முழு கார்டுகள். அப்படி ஏறுவதற்கு பாட்டை ஐந்தாறு சுற்றாவது வாசிக்க வேண்டும். மூன்று நிமிடப் பாட்டில் நேராக ஆக்டேவுக்கே போய்விட்டால் அது ஏற்றமா, லிஃப்டா?

கட்டைவிரல்:
குறுக்கே வருகிறேன். அவர் பிக் என்கிற மீட்டும் வில்லையைப் பிடிக்காமல் கட்டைவிரலால் மீட்டியதே வீட்டில் சத்தம் தொந்தரவு என்று ஆனதால்தான் என்பார்கள். அந்த நெருக்கடியிலிருந்துதான் அந்த மெத்தென்ற நாதம் வந்தது. நொட்டேஷன் படிக்கத் தெரியாது, இருபது வயதை ஒட்டி கிதார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டே பாடம் பண்ணினவர். கொடுத்த இடத்துக்குள் வாசிப்பது அவருக்குப் புதிதில்லை. மெட்டை மட்டும் வாசிக்கும்போதும் எந்தச் சுரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுகிறார் என்று கவனியுங்கள், ஜாஸுக்கு வேரான ப்ளூஸ் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

தந்திப்பித்தன்:
பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கிறதே, அதைத்தான் நானும் சொல்கிறேன். 1960ல் வால்ட்ஸ் என்கிற மூன்று எண்ணிக்கைத் தாள நடையில் ஒரு ப்ளூஸ் போட்டாரே, அதில் தேடவா வேண்டியிருந்தது?

மாடிவீட்டு மணி:
நீங்கள் கொண்டாடும் ஹாஃப் நோட் ஆல்பத்துக்கும் தயாரிப்பாளர் அதே கிரீட் டெய்லர்தான், அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? வெஸ் 1968 ஜூனில் 45 வயதில் மாரடைப்பால் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தக் கிளப் பதிவுகள் சிலவற்றின் மேலேயே வாத்தியக்குழுவை ஒட்டி விற்றார்கள். அதற்கும் அவரா பொறுப்பு?

தந்திப்பித்தன்:
அது அநியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உயிரோடு இருந்தபோது போட்டதற்கு அவர்தானே பொறுப்பு? அது இருக்கட்டும், ஒட்டு இல்லாத மூலப் பதிவு வந்திருக்கிறதா?

கட்டைவிரல்:
பிற்பாடு வெளியிட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு வாருங்கள், சண்டையைத் தொடரலாம்.